சிரிக்க வைக்கும் சென்னைச் சொற்கள்

"மெட்ராஸ் பாஷையா? அது தமிழே இல்லை" என்று நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. வியாபாரியின் பழக்கப்படி அந்தச் சொற்களைச் சற்றே தட்டிப் பார்த்தேன். உள்ளே பழைய சரக்கு நிறையவே இருக்கிறது.

"ஒரே பேஜாராப் போச்சுப்பா" என்றால் தொல்லை, சலிப்பு. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். "பேமானி" என்ற வசவு, நேர்மையற்றவனைக் குறிக்கும் 'பேஈமான்'தான். "நாஸ்தா துன்னியா?" என்பதில் நாஸ்தா, இந்திக்காரரின் சிற்றுண்டி; துன்னுவதோ நம் 'தின்னுதல்'. "கஸ்மாலம்" வடசொல், பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அங்கே அது மனக்கலக்கம்; இங்கே அழுக்குப் பேர்வழி!

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. இந்தியில் 'உதார்' என்றால் கடன். சென்னையில் "உதார் வுடாதே" என்றால் வீண் ஜம்பம் வேண்டாம் என்று பொருள். வடக்கத்திக் கடையில் இதைச் சொன்னால், கடன் கேட்கிறோம் என்று கல்லாவை இழுத்துப் பூட்டிவிடுவார்கள்!

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எட்டாத பொருளாகத் தோன்றுகிறது. ஆனால் நாஸ்தாவும் பேஈமானும் அவர்கள் தினமும் கேட்கிற சொற்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டே தமிழ்ப் பேச்சுக்குள் நுழையட்டும். வசவை மட்டும் தாத்தா பாட்டியிடம் பிரயோகிக்காமல் இருந்தால் சரி.