உலக நூலக மாநாடும் நமது பங்கும்

1927 இல் உருவான சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனம் தனது உலக மாநாட்டைக் கொவிட் தொற்றுக் காரணமாக 2021 ஓகஸ்ட் மாதத்தில் முற்றிலும் இணையவழியே நடத்தியது. விமானச் செலவும் விசாவும் எட்டாக்கனியாகவுள்ள நமது நூலகர்களுக்கு, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்தவாறே அமர்வுகளிற் பங்குபற்ற அது வழி திறந்தது. 2022 இல் டப்ளினில் மாநாடு மீண்டும் நேரடியாகக் கூடியது. எனினும், திறந்த வழி அடைபடலாகாது.

செவிமடுப்பது மட்டும் பங்கேற்பாகிவிடாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தவர்கள் நாம். 2005 இல் ஆரம்பமான 'நூலகம்' எண்ணிம நூலகமோ தமிழ், முஸ்லிம் ஆவணங்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகின்றது. இழப்பையும் மீட்பையும் ஒருங்கே அறிந்த சமூகத்தின் அனுபவம் உலக அரங்கில் ஒலிக்க வேண்டும்.

சம்மேளனத்தின் ஏழு அலுவல் மொழிகளில் அரபு உண்டு, தமிழ் இல்லை. அரபு அறிந்த மௌலவிமாரும் ஆங்கிலம் அறிந்த நூலகர்களும் இணைந்தால் அமர்வுகளின் சாரத்தைத் தமிழிற் தரவியலும். வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் இதற்கு இடமளிக்கலாம். பிராந்திய ரீதியிலான இணைய அமர்வுகளைச் சம்மேளனத்திடம் கோருவதும் அவசியம். கேட்காத குரலுக்கு அரங்கு கிடைப்பதில்லை என்பதை நாம் உணர வேண்டும்.