மண்ணிலுள்ள நண்பர்களை இனங்காண்போம்

போதிய நீரும் பசளையும் இருந்தும் கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகள் நண்பகலில் வாடி, இலை மஞ்சளித்து, வளர்ச்சி குன்றி நிற்பதை எமது விவசாயிகள் நன்கறிவர். பசளைக் குறைபாடெனக் கருதி மேலும் யூரியா இடுவோரும் உளர். ஆனால் செடியைக் கிளறியெடுத்து வேரைக் கழுவிப் பார்த்தால், வேரே ஆங்காங்கே வீங்கி முடிச்சிட்டிருப்பதைக் காணலாம். இது வேர்முடிச்சு வட்டப்புழுவின் தாக்கமாகும். அவரையினப் பயிர்களின் நன்மை தரும் வேர்க்கணுக்கள் விரலால் தேய்த்தால் கழன்றுவிடும், இம்முடிச்சுகள் கழலமாட்டா.

வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இளம்புழு வேர்நுனியருகே உட்புகுந்து, நிலைகொண்டு உணவை உறிஞ்சுகின்றது. ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பசைத்திரளாக இடும். வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை உருவாகிவிடும்.

இதற்கெதிரான இரசாயனங்கள் பல மனிதருக்கும் தீங்கானவை. அவற்றுள் ஒன்றான காபோபியூரான் 2017 இல் ரொட்டர்டாம் சமவாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனவே மண்ணில் வாழும் நன்மை தரும் பங்கசுகள் எமது கவனத்துக்குரியன. பெரு நாட்டில் உருளைக்கிழங்கைத் தாக்கிய வட்டப்புழுவின் முட்டைகளை அழிக்கும் பங்கசு பற்றி 1979 இல் ஆய்வாளர் அறிவித்தனர். பர்பியூரியோசிலியம் லிலாசினம் என இன்று அழைக்கப்படும் அது, முட்டையின் ஓட்டைத் துளைத்து உட்புகுந்து அதனையே உணவாக்குகின்றது. ட்ரைக்கோடேர்மாவோ முட்டைகளைத் தாக்குவதுடன் வேரின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகின்றது.

எனினும் இவை வருமுன் காப்பனவேயன்றி, முடிச்சு மலிந்த செடியை மீட்பனவல்ல. நாற்றுமேடையிலும் நடுகைக் குழியிலும், நன்கு உக்கிய கூட்டெருவுடன், ஈரமுள்ள மண்ணில் இடவேண்டும். பங்கசுநாசினியுடன் கலத்தல் கூடாது. பயிர்ச்சுழற்சியும் தாக்கமுற்ற வேர்களை அகற்றலும் உடன் தேவை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்த அரசாங்கம், நவம்பரில் பின்வாங்க நேர்ந்தது. உயிரியல் முறைகளை ஆணையால் ஓரிரவில் புகுத்தவியலாது என்பதே அப்பாடம். உயிருள்ள பங்கசு செத்துப்போன பொதியை வாங்கி ஏமாறும் விவசாயி, மறுமுறை அதனை நம்பப்போவதில்லை. ஆகையால் பொதிகளின் தரம் பரிசோதிக்கப்பட வேண்டும். காலாவதித் திகதியும் பாவனை முறையும் தமிழிலும் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். விவசாயப் போதனாசிரியர்கள் வயலுக்கே சென்று வேரைப் பிடுங்கிக் காட்டி விளக்க வேண்டும். நோயை இனங்காணாது மருந்திடுவது பணத்தையும் மண்ணையும் ஒருசேர இழப்பதாகும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.