கணிப்பொறியும் கடிகாரமும்

போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் ஏலத்தை மாணவர்களாகிய உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். குரல் கொடுத்து விலை கேட்ட பழைய வழக்கம் மாறி, 2007ஆம் ஆண்டில் நறுமணப் பொருட்கள் வாரியம் அங்கே மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. வணிகர் கேட்கும் விலையைக் கணிப்பொறி ஏற்றுப் பதிவு செய்கிறது.

பதிவு செய்வது ஒரே கணிப்பொறியாயின், முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்பதை அதுவே சொல்லிவிடும். ஆனால் ஏலம், வங்கி, இரயில் பயணச்சீட்டு போன்ற பணிகளில் 'சர்வர்' எனப்படும் கணிப்பொறிகள் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து கூடி உழைப்பதுண்டு. ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படியே குறிப்பெழுதும். அவற்றுள் ஒன்று இரண்டு வினாடி பிந்தி ஓடினாலும், பின்னர் நடந்தது முன்னர் நடந்ததாகத் தோன்றிவிடும். நாளை வழக்கென்று வந்தால் எந்தக் குறிப்பை நம்புவது?

கணிப்பொறியின் கடிகாரம் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு ஓடுவது. வெப்பம் மாறினால் அவ்வதிர்வும் சிறிது மாறும். பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழை நேர்ந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 வினாடி பிசகும். ஒரு மாதத்தில் அது 50 வினாடியைத் தாண்டிவிடும்.

சரியான நேரத்தை எங்கே கேட்டறிவது? புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரங்களால் இந்திய நேரத்தைப் பேணி வருகிறது. அங்கிருந்து கம்பி வழியே விடை வருவதற்குள் அந்த நேரம் பழையதாகிவிடுமே என்று நீங்கள் வினவலாம். இதற்கு வழி கண்டவர் டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். அவருடைய 'நெட்வொர்க் டைம் புரோட்டோகால்' என்னும் நெறிமுறை 1985இல் வெளியாயிற்று.

அதனை ஒரு கணக்கால் விளக்குவோம். போடிமெட்டிலுள்ள ஒரு வீட்டிலிருந்து, அவ்வீட்டுக் கடிகாரம் 6 மணி காட்டும்போது ஒருவர் ஜீப்பில் இறங்குகிறார். போடியில் சரியான கடிகாரம் 6.55 காட்டுவதைக் குறித்துக்கொண்டு உடனே திரும்புகிறார். அவர் வீடு சேரும்போது வீட்டுக் கடிகாரம் 7.30 காட்டுகிறது. போய்வர ஆனது 90 நிமிடம். திரும்பிவர அதில் பாதி, 45 நிமிடம் எனக் கொள்வோம். அப்படியானால் இப்போது சரியான நேரம் 7.40, வீட்டுக் கடிகாரம் 10 நிமிடம் பிந்தி ஓடுகிறது. கணிப்பொறியும் செய்தியை அனுப்பி, விடை பெற்று, இவ்வாறே கணக்கிடுகிறது.

ஆனால் இறங்குவதும் ஏறுவதும் ஒன்றல்லவே! இறங்க 35 நிமிடமும் ஏற 55 நிமிடமும் ஆகியிருந்தால், சரியான நேரம் 7.50 ஆகும், நம் கணக்கில் 10 நிமிடம் பிழை. எனினும் இப்பிழை போய்வரும் நேரத்தில் பாதியை ஒருபோதும் மிஞ்சாது. ஆதலின் கணிப்பொறி பல இடங்களில் நேரம் கேட்டு, விரைந்து வரும் விடைகளையே பெரிதும் நம்புகிறது. சிறு பிழை தென்பட்டாலும் முள்ளைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளுவதில்லை; அவ்வாறு செய்தால் ஒரே நொடி இருமுறை வந்து வரிசை குழம்பும். ஓட்டத்தைச் சற்றே விரைவாக்கியோ தாழ்த்தியோ மெல்லச் சரிசெய்கிறது.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டு நிறுவனங்கள் யாவும், தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு தம் கணிப்பொறிகளை இசைவிக்க வேண்டுமென்று மைய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு ஆணையிட்டது. சாட்சி சொல்லும் கடிகாரம் பிசகினால் உண்மையும் பிசகும் என்பதே அதன் காரணம்.