மின்சாரப் பெட்ரோல் பம்பின் குறையறிதல்

வழியிடை நின்றுவிட்ட மோட்டார் வண்டியின் உறுப்புகளைக் கண்டவாறு கழற்றுதல் அறிவுடைமையன்று. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பெற்ற மாரிஸ் மைனர் வண்டியின் எஸ். யு. மின்சாரப் பம்பு தன் குறையைத் தன் ஒலியாலேயே உணர்த்தவல்லது.

அதனகத்தே மின்காந்தம் சவ்வொன்றை இழுக்கப் பெட்ரோல் உட்புகும். இழுப்பு முடிந்தவுடன் தொடுமுனைகள் பிரிந்து மின்னோட்டம் அறும். அப்பொழுது சுருள்வில் சவ்வைத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்லும். இழுப்புதோறும் 'டிக்' என்னும் ஒலி எழும். சாவியைத் திருப்பியதும் விரைந்தொலித்து, கார்புரேட்டரின் மிதவைக் கலம் நிறைந்ததும் அடங்குதலே நலமுள்ள பம்பின் இயல்பாம்.

என்ஜினுக்குப் பெட்ரோல் எட்டாதிருந்தும் ஒலி எழாதாயின், முதற்கண் பம்பிற்கு மின்சாரம் வருகின்றதா என்று சிறு விளக்கினாற் சோதிக்க. வருமாயின், வெளிச்செல்லும் குழாயைச் சற்றே தளர்த்துக. அப்பொழுது ஒலிப்பின் அடைப்பு பம்பிற்கு அப்பாலுள்ளது. ஒலியாதேல், தொடுமுனைகள் கரிந்தனவோ, எர்த் கம்பி அற்றதோ என ஆராய்க. ஓயாது விரைந்தொலிப்பின், தொட்டி வறண்டிருத்தல் அல்லது உறிஞ்சுகுழாயிற் காற்றுப் புகுதல் காரணமாகும். என்ஜின் நின்றிருக்கவும் இடையிடையே மெல்ல ஒலிப்பின், வால்வு சரிவர மூடவில்லை, அல்லது பெட்ரோல் எங்கோ கசிகின்றது என்க.

குழாயைத் தளர்த்துமுன் விளக்குச் சோதனையை முடித்து, கீழே கலமொன்று வைத்தல் வேண்டும், நெருப்பை அணுகவிடலாகாது. பெட்ரோலின் ஆவி கண்ணுக்குப் புலனாகாது பரவுவது; ஒரு பொறி வண்டியை மட்டுமன்று, அதன்மேற் குனிந்து நிற்பவனையும் எரித்துவிடும்.