கார் துணி இருக்கைகளை உலர்த்துதலும் பாதுகாத்தலும்

கார்களின் துணி இருக்கை என்பது பாலியெஸ்டர் போன்ற இழைகளால் ஆன மேலுறையையும், அதனடியில் பாலியூரித்தேன் நுரையையும் கொண்ட அமைப்பாகும். இருக்கை நனைந்தால் மேலுறை சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். நுரை உலரப் பல நாட்கள் ஆகலாம். எனவே, தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டதாகக் கருதுவது தவறாகும்.

ஈரம் தங்குவதன் விளைவுகள்

நுரையில் உள்ள நுண்ணிய அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், அது பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஈரம் நீடித்தால் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை வளரத் தொடங்கும். இதனால் துர்நாற்றம் ஏற்படும். பூஞ்சை வித்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். இருக்கையின் இரும்புச் சட்டமும் துருப்பிடிக்கும்.

உலர்த்தும் முறை

1. காய்ந்த துண்டை வைத்து அழுத்தி நீரை எடுக்க வேண்டும். தேய்த்தால் அழுக்கு இழைகளுக்குள் இறங்கும். நீரை உறிஞ்சும் வகை வாக்குவம் கிளீனர் இருந்தால் நுரையிலுள்ள நீரையும் ஓரளவு எடுக்கலாம்.
2. கதவுகளைத் திறந்து வைத்து மின்விசிறியை ஓட விட வேண்டும். மூடிய காரை வெயிலில் நிறுத்தினால், ஆவியான நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும்.
3. மழை நாட்களில் ஏசியை இயக்கலாம். அதன் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரப்பதம் நீராகப் படிந்து வெளியேறுகிறது.
4. இறுதியாக, வெள்ளைத் துணியை இருக்கையில் வைத்து முழங்காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் ஈரம் பட்டால் நுரை இன்னும் உலரவில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள்

2015 டிசம்பர் மாதச் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. இத்தகைய கார்களில் உலர்த்துதல் மட்டும் போதாது. கழிவுநீர் கலந்த நீரில் ஊறிய நுரையை மாற்றிவிடுவதே நல்லது. பல கார்களில் முன்னிருக்கைகளுக்கு அடியில் ஏர்பேக், இருக்கைப் பட்டை ஆகியவற்றின் மின்கம்பிகள் செல்கின்றன. ஆகவே இருக்கையைக் கழற்றும் பணியைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

பாதுகாப்பு முறைகள்

கதவு ரப்பர்களில் விரிசல் உள்ளதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். ஏசி நீர் வெளியேறும் குழாய் அடைபட்டால் நீர் காருக்குள் வழியும் என்பதால், அதையும் சுத்தம் செய்ய வேண்டும். நீர் ஒட்டாத் தெளிப்பான் சிந்தும் நீரைச் சிறிது நேரம் தடுக்கும். ஈரமான இருக்கைக்கு ரெக்சின் உறை போடக் கூடாது. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.