உலோகம் வெட்டும் பட்டை ரம்பத்தின் பிளேடு வேகம்

உலோகம் வெட்டும் பட்டை ரம்பத்தின் (பேண்ட்சா) பிளேடு வேகம் என்பது, ரம்பப் பல் ஒரு நிமிடத்தில் கடக்கும் தூரம் ஆகும். இது மீட்டர்/நிமிடம் என்று குறிக்கப்படுகிறது. மரம் அறுக்கும் பட்டை ரம்பம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1000 மீட்டர் வேகத்தில் ஓடும். எஃகு அறுக்கும் ரம்பம் பொதுவாக 100 மீட்டருக்கும் குறைவாகவே ஓட வேண்டும்.

வேகத்தின் முக்கியத்துவம்

வெட்டும்போது பல்முனை சூடாகிறது. வேகம் கூடினால் வெப்பமும் கூடும். கார்பன் எஃகுப் பல் ஏறத்தாழ 200° செல்சியசுக்கு மேல் கடினத்தன்மையை இழக்கத் தொடங்கும். உயர்வேக எஃகுப் பற்கள் கொண்ட ஈருலோக (பைமெட்டல்) பிளேடு ஏறத்தாழ 600° வரை தாங்கும். எனவே கார்பன் பிளேடுக்கு ஏறக்குறைய பாதி வேகமே பொருந்தும்.

உலோகத்திற்கு ஏற்ற வேகம்

ஈருலோக பிளேடுக்கான தோராய அளவுகள் (மீட்டர்/நிமிடம்):

- மென் எஃகு (மைல்டு ஸ்டீல்): 60–90
- வார்ப்பிரும்பு: 30–60
- கருவி எஃகு: 30–50
- துருப்பிடிக்காத எஃகு: 25–40
- பித்தளை: 80–120
- அலுமினியம்: 100-க்கு மேல்

இவற்றுள் அதிகக் கவனம் தேவைப்படுவது துருப்பிடிக்காத எஃகு. நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி இயந்திரத்தின் பல்லுருளைகள் இவ்வகை எஃகால் ஆனவை. பல் வெட்டாமல் உரசினால் இதன் மேற்பரப்பு இறுகிவிடும். பிறகு புதிய பிளேடும் அதில் வழுக்கும். ஆகவே வேகத்தைக் குறைத்து, ஊட்டத்தை (ஃபீடு) விடாமல் சீராகக் கொடுக்க வேண்டும்.

கணக்கிடும் முறை

வேகம் = 3.14 × சக்கர விட்டம் (மி.மீ.) × நிமிடச் சுற்றுகள் ÷ 1000

சக்கர விட்டம் 300 மி.மீ., சுற்றுகள் 64 எனில், வேகம் ஏறத்தாழ 60 மீட்டர்/நிமிடம் ஆகும்.

இதை எளிதாகச் சரிபார்க்கலாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு பிளேடின் பக்கவாட்டில் சாக்பீசால் ஒரு குறி இட வேண்டும். காப்பு மூடியை மூடி, பொருள் இல்லாமல் ஓடவிட்டு, குறி வந்துபோவதை எண்ண வேண்டும். 2.4 மீட்டர் நீளப் பிளேடு நிமிடத்திற்கு 25 முறை சுற்றினால் வேகம் 60 மீட்டர்.

60 எர்ட்சு மின்சாரத்திற்கென வடிவமைக்கப்பட்ட வெளிநாட்டு இயந்திரத்தின் சாதாரணத் தூண்டல் மோட்டார், இந்தியாவின் 50 எர்ட்சில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். அதில் ஒட்டப்பட்ட வேக அட்டவணையை அப்படியே நம்பக் கூடாது.

வேகத்தை மாற்றுதல்

சிறிய இயந்திரங்களில் வி-பெல்ட்டைப் படிக் கப்பியின் வேறு படிக்கு மாற்றி வேகம் மாற்றப்படுகிறது. மோட்டார் பக்கக் கப்பியின் சிறிய படியில் பெல்ட் இருந்தால் வேகம் குறையும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே பெல்ட்டைத் தொட வேண்டும்.

சீவல் காட்டும் அடையாளம்

- தளர்ந்த சுருள்: வேகமும் ஊட்டமும் சரி.
- பொடி: ஊட்டம் போதாது (வார்ப்பிரும்பில் பொடி இயல்பு).
- நீல நிறம் அல்லது புகை: வெப்பம் மிகுதி, வேகம் அல்லது ஊட்டத்தைக் குறைக்க வேண்டும்.

எஃகை வெட்டும்போது நீரில் கலந்த வெட்டு எண்ணெய் தேவை; வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் உலர்வாகவே வெட்டுவர். எந்த வேகத்திலும் குறைந்தது மூன்று பற்களாவது பொருளின் மீது பதிந்திருக்க வேண்டும். இல்லையெனில் மெல்லிய குழாய், தகடு போன்றவற்றில் பற்கள் உடைந்துவிடும்.