திக்கற்ற பிள்ளைகள்: அன்றும் இன்றும்

1955 அக்டோபரில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் விமான நிலையத்தில் ஹாரி ஹோல்ட் வந்து இறங்கினார். கொரியாவிலிருந்து அவரோடு 12 குழந்தைகள் வந்தார்கள். எட்டுப் பேர் அவர் வீட்டுக்கு, நான்கு பேர் வேறு வீடுகளுக்கு. அவருக்கு அப்போது வயது 50. விவசாயி, இதய நோயாளி, ஏற்கெனவே ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன். முந்தைய ஆண்டு, வேர்ல்ட் விஷன் நிறுவனர் பாப் பியர்ஸ் திரையிட்ட படத்தில், அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளைப் பார்த்தது முதல் அவருக்கும் மனைவி பெர்த்தாவுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. சட்டம் இரண்டு குழந்தைகளுக்கு மேல் தத்தெடுக்க அனுமதிக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்காகத் தனிச் சட்டமே இயற்றியது. கொரியாவுக்குப் போகும் வழியில் ஹாரி திறந்து வாசித்த ஏசாயா 43ஆம் அதிகாரத்தையே தங்களுக்கு வந்த கட்டளையாக அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டது.

மறு ஆண்டே அவர்களின் தத்துப் பணி ஒரு நிறுவனமானது. அன்று விண்ணப்பித்த தம்பதியரிடம் முதலில் கேட்கப்பட்டது, அவர்கள் இரட்சிக்கப்பட்டவர்களா என்பதுதான். சொத்தும் படிப்பும் பின்னால்தான். பெற்றோர் கொரியாவுக்குப் போகவும் வேண்டியதில்லை. அவர்கள் சார்பில் வேறொருவர் அங்கே தத்தை முடிப்பார். தங்கள் பிள்ளையின் முகத்தை அவர்கள் முதன்முதலில் பார்ப்பது விமான நிலையத்தில். 1961இல் அமெரிக்கச் சட்டம் அந்த வழியை அடைத்தது.

இன்று விசுவாச அறிக்கையோடு விண்ணப்பம் நகர்ந்துவிடாது. நாடுகளுக்கிடையேயான தத்துக்கான 1993இன் ஹேக் உடன்படிக்கை அமெரிக்காவில் 2008இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு ஆய்வு, காவல்துறைச் சான்று, பெற்றோருக்கான பயிற்சி எனப் படிகள் பல. அன்று தம்பதியரின் ஆத்துமாவை விசாரித்தார்கள். இன்று குழந்தையின் காகிதங்களையும் விசாரிக்கிறார்கள்: தாய் யார், மனமறிந்து கொடுத்தாரா, உள்நாட்டில் ஒரு வீடு தேடப்பட்டதா?

இந்தக் கேள்விகள் பிறந்ததற்குக் காரணம் உண்டு. அன்று வெளிநாடு போன குழந்தைக்குக் கொரியாவில் அநாதைப் பதிவேடு ஒன்று தயாராகும். அதில் அந்தக் கைக்குழந்தைதான் குடும்பத் தலைவர். தாய், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. தாயும் தகப்பனும் உயிரோடிருந்த பிள்ளைகள் பலரும் அப்படித்தான் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். தமிழ் வேதாகமம் அநாதைகளைத் 'திக்கற்ற பிள்ளைகள்' என்கிறது. இவர்களில் பலருக்குத் திக்கு இருந்தது, காகிதத்தில்தான் இல்லை. ஆவணங்கள் திரிக்கப்பட்டதையும் அரசு கண்காணிக்கத் தவறியதையும் 2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே ஒப்புக்கொண்டது. அன்று பெயர் மாறிப் போனவர்கள் இன்று நரைத்த தலையோடு கொரியத் தூதரகங்களில் மரபணு மாதிரி கொடுத்துத் தாயைத் தேடுகிறார்கள்.

1985இல் மட்டும் 8,800க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொரியா வெளிநாட்டுக்கு அனுப்பியது. 2023இல் அது நூறைக்கூட எட்டவில்லை. அதே 2023இல் அந்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. பிள்ளைகளை வைத்துக்கொள்ள வழியில்லாதிருந்த நாட்டில் இன்று பிள்ளைகளே இல்லை. எல்லா நாடுகளிலிருந்தும் 2004இல் அமெரிக்காவுக்கு வந்த தத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய 23,000 பேர். 2023இல் 1,275 பேர். 2024இல் சீனாவும் கதவைச் சாத்தியது.

சபைகளின் பேச்சும் மாறியிருக்கிறது. பவுல் எழுதிய 'புத்திரசுவிகாரம்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, தேவன் நம்மைத் தத்தெடுத்ததுபோல் நாமும் எடுக்க வேண்டும் என்று பிரசங்கங்கள் முழங்கின. 2009இல் தென் பாப்டிஸ்டு சபையார் அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றினார்கள். இன்று பெத்தனி போன்ற கிறிஸ்தவ நிறுவனங்கள் வெளிநாட்டுத் தத்தை விட்டுவிட்டு, பிள்ளை பிறந்த குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டன. வந்தது நிதானம். போனது வேகம். அந்த வேகத்தில் வீடு கிடைத்த பிள்ளைகளும் உண்டு, வீடு பறிபோன பிள்ளைகளும் உண்டு. நிதானத்திலும் ஏதோ ஒரு விடுதிக் கட்டிலில் யாரோ ஒரு பிள்ளை காத்திருக்கிறது.

1964இல் இறந்த ஹாரியும் 2000இல் இறந்த பெர்த்தாவும் சியோலை அடுத்த இல்சானில் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்கள் மகள் மோலி 1956இல் செவிலியராகக் கொரியாவுக்குப் போனார். இல்சானில் ஹோல்ட் நிறுவனத்தின் இல்லத்தில், ஊனத்தால் யாரும் தத்தெடுக்காத பிள்ளைகளோடு பல்லாண்டுகள் வாழ்ந்து, 2019இல் கொரியாவிலேயே கண்மூடினார். அந்தப் பிள்ளைகளை அவர் எந்த விமானத்திலும் ஏற்றவில்லை. அவர்கள் இருந்த இடத்தில் தானும் இருந்தார்.